டி64 கோப்பு முகப்புப் படத்தோடு நின்றுவிடுகிறது

கேள்வி:
வணக்கம். கமடோர் 64 என்ற பழைய வீட்டுக் கணினிக்கான விளையாட்டு ஒன்றின் டிஸ்க் இமேஜை (நெகிழ்வட்டின் நகலான டி64 கோப்பை), அந்தக் கணினியைப் போலவே இயங்கும் வைஸ் எமுலேட்டரில் எட்டாம் எண் டிரைவில் இணைத்திருக்கிறேன். டைரக்டரி சரியாகத் தெரிகிறது, முதல் நிரலும் ஏறுகிறது. ஆனால் முகப்புப் படம் வந்ததும் திரை உறைந்துவிடுகிறது. கோப்பின் அளவு 1,74,848 பைட். கோப்பு பழுதாகியிருக்குமா?

பதில் 1:
அளவு சரியாகவே இருக்கிறது. வட்டின் 35 தடங்களில் மொத்தம் 683 செக்டர்கள், ஒவ்வொன்றும் 256 பைட் என்று பெருக்கினால் அந்த எண்தான் வரும். ஆகவே முதலில் ‘ட்ரூ டிரைவ் எமுலேஷன்’ (டிரைவின் வன்பொருளையும் அப்படியே போலச் செய்யும் தெரிவு) இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். கமடோர் 64-இன் நெகிழ்வட்டு டிரைவான 1541-க்குள் தனியாக ஒரு 6502 செயலியும் 2 கிலோபைட் நினைவகமும் உண்டு. அதன் இயல்பான ஏற்றம் பொறுமையைச் சோதிக்கும் அளவுக்கு மெதுவானது என்பதால், விளையாட்டு எழுதியவர்கள் தங்கள் ஃபாஸ்ட் லோடரின் (வேகமாக ஏற்றும் நிரலின்) ஒரு பகுதியை அந்த நினைவகத்துக்கே அனுப்பி, டிரைவின் செயலியைக் கொண்டு ஓடவைத்தார்கள். அந்தத் தெரிவு அணைந்திருந்தால் எமுலேட்டர் கோப்பை மட்டும் எடுத்துக் கொடுக்கும்; லோடரை ஓட்ட அங்கே செயலி இராது, விளையாட்டு வராத பதிலுக்காகக் காத்துக்கொண்டே இருக்கும்.

கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா, அதுதான் காரணம். இப்போது விளையாட்டு வட்டின் இரண்டாம் பக்கத்தைப் போடச் சொல்கிறது. அந்தப் பக்கத்தின் இமேஜ் கோப்பை இருமுறை சொடுக்கினால் எமுலேட்டரின் கமடோரே மீண்டும் தொடங்கிவிடுகிறது.

பதில் 2:
அது ஆட்டோஸ்டார்ட் (ரீசெட் செய்து இமேஜின் முதல் நிரலைத் தானே ஓட்டும் வசதி) செய்யும் வேலை. விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே, மெனுவில் எட்டாம் டிரைவுக்கு இமேஜை இணைக்கும் தெரிவின் வழியாக இரண்டாம் கோப்பை மாற்றுங்கள், ரீசெட் ஆகாது. அதற்கு முன் இரண்டு கோப்புகளையும் நகல் எடுத்து வைப்பது நல்லது, ஏனெனில் விளையாட்டு சேமிக்கும் நிலைகளும் மதிப்பெண்களும் இமேஜுக்குள்ளேயே எழுதப்படும்.

பதில் 1:
இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். மேற்சொன்ன தெரிவு இயக்கத்தில் இருந்தும் வேறொரு விளையாட்டு நின்றுவிட்டால், நகல் தடுப்பைச் சந்தேகியுங்கள். டி64-இல் செக்டர்களின் தரவு மட்டுமே இருக்கும். தடத்தில் வேண்டுமென்றே வைக்கப்பட்ட ஒழுங்கற்ற குறிகளுக்கு அதில் இடமில்லை. தடத்தின் பிட்டுகளை அப்படியே வைத்திருக்கும் ஜி64 வடிவில் அதே விளையாட்டு கிடைத்தால், என் கருத்தில் அதையே பயன்படுத்துவது மேல்.