கார்பெட் பூங்காவுக்கு ‘ராம்கங்கா’: கெசட்டில் ஒரு வரி போதுமா?

வடக்குவாசல்:
2021 அக்டோபர்ல மத்திய இணை அமைச்சர் அஸ்வினி குமார் சௌபே உத்தராகண்டுல இருக்கிற கார்பெட் தேசியப் பூங்காவுக்குப் போனப்ப பார்வையாளர் பதிவேட்டுல ‘ராம்கங்கா தேசியப் பூங்கா’ன்னு எழுதினார். எழுதினதோட சரி, போர்டு இன்னிக்கும் கார்பெட்தான். இதுல என்ன தயக்கம்னே புரியல. 1936-ல ஆளுநரா இருந்த மால்கம் ஹெய்லி, காட்டுக்குத் தன் பேரையே வச்சுக்கிட்டார். சுதந்திரத்துக்கு அப்புறம் அதைத் தூக்கிட்டு அங்க ஓடுற ராம்கங்கா ஆத்தோட பேரை வச்சாங்க. கொஞ்ச நாள்லயே மறுபடியும் ஒரு வெள்ளைக்காரர் பேரு! கெசட்ல ஒரு வரி போட்டா பழைய பேரு வந்துடும்.

கெசட்புழு:
1936-இல் ஹெய்லி ஆளுநர் இல்லை. ஐக்கிய மாகாணத்தில் (இன்றைய உத்தரப் பிரதேசமும் உத்தராகண்டும்) அவர் காலம் 1928 முதல் 1934 வரை. பூங்கா அறிவிக்கப்பட்ட 1936 ஆகஸ்டில் ஆளுநர் ஹாரி ஹெய்க். பூங்காவுக்கு அடிப்படையான ஐக்கிய மாகாண தேசியப் பூங்காக்கள் சட்டமே 1935-இல், ஹெய்லி போன பிறகு வந்தது. தன் பெயரைத் தானே எப்படி வைத்துக்கொண்டிருப்பார்?

அடுத்து அந்த ‘ஒரு வரி’. எல்லை மாறாததால் தேசிய வனவிலங்கு வாரியம் வரை போக வேண்டாம், மாநில அரசே செய்யலாம். அது உண்மை. ஆனால் இந்தப் பூங்கா 1972 வனவிலங்குச் சட்டத்தின் 35-ஆம் பிரிவில் பிறந்தது அல்ல. பழைய சட்டத்தில் பிறந்து, 66-ஆம் பிரிவின் ‘அறிவிக்கப்பட்டதாகக் கொள்ளப்படும்’ என்ற வாசகத்தால் நிற்கிறது. புது அறிவிக்கையில் யாராவது ‘முந்தைய அறிவிக்கையை ரத்துசெய்து’ என்று எழுதிவிட்டால் காலடி மண்ணே போயிற்று. ‘பகுதியளவில் திருத்தி’ என்றுதான் இருக்க வேண்டும். எல்லை அட்டவணையை முழுதாகத் திரும்ப அச்சிட வேண்டும். ‘கார்பெட் என்று வரும் இடமெல்லாம் ராம்கங்கா என்று படிக்கவும்’ என்ற வாசகமும் கட்டாயம். இது விட்டுப்போனால் வேட்டை வழக்குக் கோப்பில் குற்றம் நடந்த இடம் கார்பெட், கெசட்டில் அந்தப் பெயரில் பூங்காவே கிடையாது. எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அது போதும்.

வடக்குவாசல்:
ஐயா பெரிய சட்டமேதை போல. 34-ஓ 36-ஓ, வெள்ளைக்காரன் வெள்ளைக்காரன்தானே? ரெண்டு வருஷத்தைப் பிடிச்சுக்கிட்டு ஏன் தொங்குறீங்க?

கெசட்புழு:
உங்கள் வாதமே அந்த இரண்டு வருடத்தில்தான் நிற்கிறது. ‘பதவியில் இருந்துகொண்டே பெயர் வைத்துக்கொண்டார்’ என்றீர்கள். பதவியில் இல்லை. ‘பழைய பெயர்’ என்கிறீர்களே, எது பழையது? 1936-இல் 323.75 சதுர கிலோமீட்டருக்கு வைத்த முதல் பெயர் ஹெய்லி. ராம்கங்கா இரண்டாவது, கார்பெட் மூன்றாவது. பழசு வேண்டுமென்றால் ஹெய்லிதான் வரும்.

டாப்ஸ்லிப்:
கெசட்புழு அண்ணே, இவ்ளோ பயமுறுத்த வேண்டாம். நம்ம ஆனைமலையில சரணாலயத்துக்கு இந்திரா காந்தி பேரு, 2007-ல அறிவிச்ச புலிகள் காப்பகத்துக்கு ஆனைமலைன்னு பேரு. ஒரே காட்டுக்கு ரெண்டு பேரு. என்ன குடி முழுகிப்போச்சு? 2021 செப்டம்பர்ல அசாம் அமைச்சரவை ஒராங் பூங்காவுல இருந்து ராஜீவ் காந்தி பேரை எடுக்க முடிவு பண்ணுச்சு. அங்கேயும் காண்டாமிருகம் எதுவும் கோர்ட்டுக்குப் போகல.

கெசட்புழு:
தம்பி, ஆனைமலை எனக்குத்தான் சாட்சி. சரணாலய அறிவிக்கை வேறு, 38-வி பிரிவில் வரும் புலிகள் காப்பக அறிவிக்கை வேறு. கார்பெட்டிலும் அப்படியே. தேசியப் பூங்கா 520.82 சதுர கிலோமீட்டர். காப்பகம் 1288.31, சோனாநதி சரணாலயமும் அதற்குள் அடக்கம். பூங்கா பெயரை மட்டும் மாற்றினால் காப்பகம் கார்பெட்டாகவே நிற்கும். பூங்காவுக்குள் இருக்கும் திக்காலாவுக்கு அனுமதிச்சீட்டில் ஒரு பெயர், வாசல் வளைவில் ஒரு பெயர். இதைத்தான் ‘ஒரு வரி’ என்கிறார் நண்பர். ஹெய்லி 1934-இல் போய்விட்டார் என்பதற்கு இன்னும் பதில் வரவில்லை.

வடக்குவாசல்:
சரி, கார்பெட் யாரு? பீகார்ல மோகாமே காட்ங்கிற கங்கைப் படித்துறையில ரயில்வேக்குச் சரக்கு ஏத்தி இறக்கின கான்ட்ராக்டர், வேட்டைக்காரர். 1947-ல கென்யா போய், 1955-ல அங்கேயே செத்துப்போனார். அவர் பேரு எதுக்கு? ஆறு எங்கேயும் போகல.

டாப்ஸ்லிப்:
436 பேரைக் கொன்ன சம்பாவத் புலியை 1907-ல சுட்டவர் சார் அவர். குமாவோன் மலை ஜனத்தைக் கேளுங்க, வெள்ளைக்காரர்னா சொல்வாங்க?

கெசட்புழு:
அந்த ‘ஆறு’ எது? உத்தராகண்டில் இரண்டு ராம்கங்கா. கிழக்கு ராம்கங்கா சரயுவில் கலக்கிறது, பூங்காவுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை. பூங்கா வழியே ஓடுவது மேற்கு. அதில் காலாகட்டில் அணை கட்டி, 1974 வாக்கில் பூங்காவின் நல்ல புல்வெளியை மூழ்கடித்தது எந்த வெள்ளைக்காரர்?

வடக்குவாசல்:
அணைத் தண்ணி கோடையில வடியும்போது அந்தச் சேத்துல முளைக்கிற புல்லைத் தின்னத்தான் திக்காலாவுல யானைக் கூட்டமே இறங்குது. தெரிஞ்சு பேசுங்க.

கெசட்புழு:
மழையில் மறுபடி மூழ்குமே, அப்போது என்ன தின்னும்? பழைய புல்வெளி வருஷம் பூராவும் இருந்தது. பேச்சை மாற்றாமல் 1936-க்கு வாருங்கள்.

சேலத்துமாங்கா:
குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். அதே உத்தராகண்டுல ராஜாஜி தேசியப் பூங்கா இருக்கே, 820 சதுர கிலோமீட்டர். சிவாலிக் காட்டுக்கும் எங்க சேலத்து வக்கீலுக்கும் என்ன சம்பந்தம்? ஆத்துப் பேருதான் நியாயம்னா அதையும் எடுத்துடலாமா? அப்ப வடக்குவாசல் சார் என்ன சொல்வார்?

வடக்குவாசல்:
ராஜாஜி இந்த நாட்டோட கவர்னர் ஜெனரல். ஹெய்லியோட அவரை ஒப்பிடுறீங்களா?

சேலத்துமாங்கா:
ஹெய்லியும் கவர்னர்தானே சார்?

கெசட்புழு:
1934 வரை.

வடக்குவாசல்:
தமிழ்க் குழுவுல ராஜாஜி பேரை எடுக்கச் சொல்ற அளவுக்கு வந்தாச்சா? இதுக்குப் பேரு நடுநிலையா?

சேலத்துமாங்கா:
எடுக்கச் சொல்லல, உங்க கணக்கு எல்லாருக்கும் ஒண்ணான்னு கேட்டேன். 1983-ல ராஜாஜி, மோதிச்சூர், சில்லான்னு மூணு சரணாலயத்தை ஒண்ணாக்கினாங்க. மண்ணோட பேரு வேணும்னா மோதிச்சூர்னு வச்சிருக்கலாமே, ஏன் வைக்கல?

டாப்ஸ்லிப்:
சில்லான்னும் வச்சிருக்கலாம். கங்கைக்கு அந்தக் கரையில இருக்குங்கிறதால அதை மறந்துட்டீங்களா?

சேலத்துமாங்கா:
தம்பி, நீங்க முதல்ல உங்க ஆனைமலையில இருக்கிற வரகளியாறு யானை முகாம் எந்தப் பேருக்குக் கீழே வருதுன்னு சொல்லிட்டு வாங்க.