அப்பாவின் எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் "மிஸ்மேட்ச்" என்று போட்டிருக்கிறது, புரிந்தவர்கள் சொல்லுங்கள்

உசிலைக்காரன்:

வணக்கம். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமம் எங்களுக்கு. அப்பாவுக்கு 66 வயது, சர்க்கரையும் பிரஷரும் உண்டு. போன வாரம் ராத்திரி பத்து மணிக்குச் சாப்பிட்டுவிட்டு நன்றாகத்தான் படுத்தார், காலை ஐந்தரைக்கு அம்மா எழுப்பினால் வலது கையும் காலும் வரவில்லை, வாய் கோணிவிட்டது, பேச்சும் இல்லை. பக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்குத்தான் முதலில் தூக்கிக்கொண்டு போனோம். பக்கவாதம், எப்போது வந்தது என்றே தெரியாது, நேரம் தாண்டியிருக்கும், இனி செய்ய ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். மனசு கேட்காமல் மதுரைக்குக் கொண்டுவந்தோம். இங்கே சி.டி. எடுத்து, உடனே எம்.ஆர்.ஐ.யும் எடுத்து, "காப்பாற்றக்கூடிய பகுதி இன்னும் நிறைய இருக்கிறது" என்று சொல்லி, தொடை வழியாகக் குழாய் விட்டு மூளை ரத்தக்குழாயில் இருந்த அடைப்பை எடுத்தார்கள். இப்போது காலைத் தூக்குகிறார், ஒன்றிரண்டு வார்த்தை வருகிறது.

ரிப்போர்ட்டில் டிஃப்யூஷன் 22 மி.லி., டிமேக்ஸ் ஆறு வினாடிக்கு மேல் 98 மி.லி. என்று இருக்கிறது. செத்த இடம் எது, உயிரோடு இருக்கிற இடம் எது என்று ஒரு படம் எப்படிச் சொல்கிறது? ஆக்சிஜனைக்கூட எம்.ஆர்.ஐ.யில் பார்க்கலாம் என்று வார்டில் ஒருவர் சொன்னார், உண்மையா? திரும்ப ஒரு ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள், அவருக்கு கிட்னி டெஸ்டில் கிரியேட்டினின் கொஞ்சம் கூடுதல், அதனால் ஸ்கேனுக்கு மருந்து ஏற்ற பயமாகவும் இருக்கிறது.

ஸ்கேன்ரூம்:

தம்பி, நான் மதுரையில் எம்.ஆர்.ஐ. டெக்னீஷியன். உங்கள் ஊருக்கு வைகை அணையிலிருந்து 58 கிராமக் கால்வாய் வருகிறதே, அதை வைத்தே சொல்கிறேன். கால்வாயில் தண்ணீர் நின்றுபோனால் சில வயல் கருகிவிடும், சிலது வாடி நிற்கும். கருகினது கருகினதுதான், வாடினது தண்ணீர் வந்தால் நிமிர்ந்துவிடும். டிஃப்யூஷன் படம் காட்டுவது பெரும்பாலும் கருகின வயலை. ரத்தம் நின்றதும் செல்லுக்கு சக்தி தீர்ந்துபோய், வெளியில் இருக்கிற தண்ணீர் உள்ளே போய் வீங்கிவிடும், தண்ணீர் மூலக்கூறுகள் தாராளமாக நகர இடம் இருக்காது. அந்த இடம் சில நிமிடங்களிலேயே படத்தில் வெள்ளையாகத் தெரிய ஆரம்பிக்கும், சி.டி.யில் அவ்வளவு சீக்கிரம் தெரியாது. அப்பாவுக்கு அதுதான் 22 மி.லி.

அடுத்து பெர்ஃப்யூஷன், அதாவது ரத்த ஓட்டத்தைக் காட்டும் படம். கை நரம்பில் கேடோலினியம் மருந்தை இன்ஜெக்டர் வைத்து வேகமாக ஏற்றி, ஒன்றரை, இரண்டு வினாடிக்கு ஒரு தடவை மூளை முழுவதையும் படம் எடுத்துக்கொண்டே இருப்போம். மருந்து கலந்த ரத்தம் போகிற இடம் ஒரு கணம் கறுத்து மீளும். எங்கே உடனே கறுக்கிறது, எங்கே தாமதமாகக் கறுக்கிறது என்று கணக்குப் போட்டு வருவதுதான் டிமேக்ஸ். ஆறு வினாடிக்கு மேல் தாமதம் என்றால் அந்த இடம் பட்டினி கிடக்கிறது என்று அர்த்தம். 98-இல் 22 போக மீதி 76 மி.லி. வாடிய வயல், இந்த வித்தியாசத்தைத்தான் "மிஸ்மேட்ச்" என்று போட்டிருக்கிறார்கள். அதைக் காப்பாற்றத்தான் குழாய் விட்டார்கள்.

ஒன்று மட்டும் எல்லாருக்கும் சொல்லிவிடுகிறேன். உள்ளே வருவதற்கு முன்னாலேயே தாயத்து, அரைஞாண், வளையல், பல்செட் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள், பேஸ்மேக்கர் இருந்தால் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். வாசலில் நின்று தாயத்துக் கயிறை அறுக்க மாட்டேன் என்று வாக்குவாதம் பண்ணுகிற நேரமெல்லாம் நோயாளியின் மூளையிலிருந்து போகிற நேரம்.

நியூரோ_பிஜி:

டெக்னீஷியன் அண்ணன் சொன்னது சரி. மூளை உடம்பின் எடையில் 2 சதவீதம்தான், ஆனால் ஆக்சிஜனில் 20 சதவீதம் அதற்கே போகிறது. 100 கிராம் மூளைக்கு நிமிடத்துக்குச் சுமார் 50 மி.லி. ரத்தம் வேண்டும். 20-க்குக் கீழே போனால் வேலை நின்றுவிடும், ஆனால் உயிர் இருக்கும்; 10-க்குக் கீழே போனால் சீக்கிரமே செத்துவிடும். கை வரவில்லை என்பதாலேயே அந்தப் பகுதி செத்துவிட்டது என்று ஆகாது.

தூக்கத்தில் வந்தால் ஒன்றும் செய்ய முடியாது என்பது பழைய பேச்சு. 2018-இல் வெளியான டான், டிஃப்யூஸ் 3 என்ற இரண்டு ஆய்வுகளுக்குப் பிறகு, கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம் வரைக்கும் சிலருக்கு அடைப்பை எடுக்கிறார்கள். டிஃப்யூஸ் 3-இல் செத்த பகுதி 70 மி.லி.க்குக் குறைவாகவும், பட்டினி கிடக்கும் பகுதி அதைவிட 1.8 மடங்காவதும் இருக்க வேண்டும் என்று வைத்தார்கள். உங்கள் அப்பாவுக்கு நாலு மடங்குக்கு மேல். அதே 2018-இல் வேக்-அப் என்ற ஆய்வு, டிஃப்யூஷனில் தெரிந்து, ஃப்ளேர் என்ற இன்னொரு வகை எம்.ஆர்.ஐ. படத்தில் இன்னும் தெரியாமல் இருந்தால் வந்து நாலரை மணி நேரத்துக்குள்தான் இருக்கும் என்று கணித்து, அப்படிப்பட்டவர்களுக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டுப் பலன் கண்டது. அம்மாவிடம் கடிகாரம் கேட்க முடியாதபோது படமே கடிகாரம் ஆகிறது.

ஆக்சிஜன் விஷயமும் உண்மைதான். ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபினுக்கு லேசான காந்தத் தன்மை உண்டு, இதை 1936-லேயே பாலிங்கும் கோரியெலும் கண்டார்கள். 1990-இல் செய்ஜி ஒகாவா அதை எம்.ஆர்.ஐ.க்குக் கொண்டுவந்தார். பட்டினி கிடக்கும் மூளை, வருகிற கொஞ்ச ரத்தத்திலிருந்து ஆக்சிஜனை வழக்கத்தைவிட அதிகமாக உறிஞ்சும். அதனால் அந்தப் பக்கத்துச் சிரைகள் எஸ்.டபிள்யூ.ஐ. என்ற படத்தில் கறுத்துத் தடித்துத் தெரியும். ரிப்போர்ட்டில் அப்படி ஏதாவது எழுதியிருக்கிறதா பாருங்கள். ஆனால் ஆக்சிஜனை எண்ணாகத் துல்லியமாக அளப்பது இன்னும் பெரும்பாலும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது, சிகிச்சையை அதை வைத்து முடிவு பண்ணுவதில்லை.

திருமங்கலத்துப்பொண்ணு:

அண்ணா, எங்கள் அம்மாவுக்கும் கிட்னி பிரச்சினை. மருந்து ஏற்றாமலே எடுக்கிற முறை ஒன்று இருக்கிறது, ஏ.எஸ்.எல். என்று பெயர், அதைத்தான் எங்களுக்கு எடுத்தார்கள். சும்மா கேட்டுப் பாருங்கள்.

ஸ்கேன்ரூம்:

ஆமாம், அதில் கழுத்தில் போகிற ரத்தத்துக்கே காந்தத்தால் அடையாளம் போட்டுவிடுவோம், ஊசி கிடையாது. சில நிமிடம் ஆடாமல் படுக்க வேண்டும். அந்த அடையாளம் ஓரிரு வினாடியில் மங்கிவிடும் என்பதால், ரத்தம் ரொம்பச் சுற்றி வருகிற இடம் உண்மையைவிட மோசமாகத் தெரியலாம். தம்பி, கிரியேட்டினினை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம், கிட்னி எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் ஈ.ஜி.எஃப்.ஆர். என்று ஒரு எண் இருக்கும், 30-க்குக் கீழே இருந்தால்தான் கேடோலினியத்தைப் பற்றி ரொம்ப யோசிப்பார்கள்.

உசிலைக்காரன்:

ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன், "இடது பக்கச் சிரைகள் தடித்துள்ளன" என்கிற வரி இருக்கிறது, இத்தனை நாள் அது என்னவோ என்று கிடந்தது. ஈ.ஜி.எஃப்.ஆர். 41. திங்கட்கிழமை ரிவ்யூவுக்குப் போகிறோம், ஏ.எஸ்.எல். போதுமா என்று கேட்டுவிட்டு வந்து எழுதுகிறேன் அண்ணே.