21 நாள் அழுத்தம் கொடுத்தும் எலிகள் எதையும் மறக்கவில்லை, ஏன்?

தொட்டிநீர்: வணக்கம். முதுகலை ஆய்வுக்காக விஸ்டார் என்ற ஆய்வக இனத்து ஆண் எலிகளை வைத்து, நாள்பட்ட மன அழுத்தம் நினைவை எப்படிக் கெடுக்கிறது என்று பார்க்கிறேன். வழக்கமான முறைதான்: காற்றோட்டமுள்ள குழாயில் தினமும் 6 மணி நேரம் அடைப்பு, மொத்தம் 21 நாள். பிறகு மாரிஸ் வாட்டர் மேஸ், அதாவது தொட்டியில் நீந்தி நீருக்குள் மறைந்திருக்கும் மேடையைக் கண்டுபிடிக்கும் நினைவுச் சோதனை. ஆனால் அடைக்கப்பட்ட குழுவும் அடைக்கப்படாத கன்ட்ரோல் குழுவும் ஒரே வேகத்தில் மேடையைக் கண்டுபிடிக்கின்றன. கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோனை அளந்து பார்க்கச் சொல்கிறார் வழிகாட்டி. எங்கே இடிக்கிறது?

பழைய லேப்காரன்: கார்டிசால் அளக்கும் கிட்டை வாங்கிவிடாதீர்கள். எலிக்கு முக்கிய அழுத்த ஹார்மோன் கார்டிகோஸ்டீரோன். அதையும் ரத்தம் எடுக்கும் நேரம் பார்த்துத்தான் நம்ப வேண்டும். இரவில் நடமாடும் பிராணி என்பதால், விளக்கு அணையும் வேளையில் தானாகவே உச்சத்துக்குப் போகும். போதாததற்கு, தினமும் அதே குழாய் என்றால் எலி பழகிக்கொள்ளும், ஹார்மோன் ஏற்றமும் குறைந்துவிடும். அதைவிட எடைக் குறிப்பேடு உண்மை பேசும். அழுத்தக் குழு எடை கூடுவதில் பின்தங்கியதா? கன்ட்ரோல் எலிகள் எந்த அறையில் இருந்தன? அடைப்புக்கும் நீச்சலுக்கும் இடையே எத்தனை நாள்?

தொட்டிநீர்: எடை நன்றாகவே பின்தங்கியது. கன்ட்ரோல் தனி அறை. தொட்டி வேறொரு குழுவிடம் இருந்ததால், அடைப்பு முடிந்து சுமார் மூன்று வாரம் கழித்துத்தான் நீந்த விட முடிந்தது.

மூளைத்தண்டு: அப்படியானால் விடை அந்த மூன்று வாரத்தில்தான் இருக்கிறது. அழுத்தம் சரியாகவே ஏறியிருக்கிறது, எலிகள் தேறிவிட்டன, அவ்வளவுதான்.

மூளையில் நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸில், சிஏ3 எனும் பகுதி நரம்பணுக்களின் கிளைகள் இந்த 21 நாள் முறையில் சுருங்குவதை நரம்பியல் ஆய்வாளர் மெக்யூவனின் குழு 1992இல் காட்டியது. அந்தச் சுருக்கம் நிரந்தரமல்ல. லூயின், மெக்யூவன் குழுவினர் 1994இல் வெளியிட்ட ஆய்வில், நினைவுக் குறைபாடு அழுத்தம் நின்ற பிறகு சரியானது.

சுவையான பகுதி பெங்களூருவின் உயிரியல் ஆய்வு மையமான என்சிபிஎஸ்ஸில் சுமந்திரா சட்டர்ஜி ஆய்வகத்தில் கிடைத்தது. எலிகளைத் தினமும் 2 மணி நேரம், 10 நாள் அசையவிடாமல் வைத்தார்கள். சிஏ3 கிளைகள் சுருங்கின. பயத்தைக் கையாளும் அமிக்டலாவிலோ கிளைகள் வளர்ந்தன! 21 நாள் ஓய்வு கொடுத்ததும் ஹிப்போகாம்பஸ் பழையபடி ஆனது, அமிக்டலா ஆகவில்லை. பதற்றமும் குறையவில்லை. நினைவு திரும்பிய எலியிடம் பயம் மட்டும் தங்கிவிடுகிறது. என்னைக் கேட்டால் உங்கள் ஆய்வேட்டுக்கு இதுதான் நல்ல கேள்வி.

பழைய லேப்காரன்: சரியாகச் சொன்னீர்கள். இன்னொன்று, நீச்சலே எலிக்கு அழுத்தம்தான், கன்ட்ரோலுக்கும் ஹார்மோன் ஏறும். புதிய எலித் தொகுதிக்கு, Y வடிவில் மூன்று கிளைப்பாதைகள் கொண்ட ஒய்-மேஸ் வையுங்கள். தண்ணீரும் ஷாக்கும் இல்லாமல், புதிய கிளைப்பாதையை நோட்டம் விடும் ஆர்வத்தை மட்டும் நம்பிய சோதனை. கான்ராட் குழு 1996இல் குறைபாட்டைப் பிடித்தது அதில்தான். கடைசி அடைப்புக்கு மறுநாளே செய்யுங்கள். பெண் எலிகளைக் கலக்க வேண்டாம். இதே 21 நாள் அழுத்தத்துக்குப் பிறகு அவை இடநினைவில் முன்னேறியதாகவே முடிவுகள் உண்டு.

தொட்டிநீர்: மிக்க நன்றி. பழைய தொகுதியில் எலிகள் இன்னும் இருக்கின்றன. பதற்றத்தை அளக்கும் எலிவேட்டட் பிளஸ் மேஸில் விடலாமா?

மூளைத்தண்டு: தாராளமாக, ஆனால் ஒவ்வொன்றையும் ஒரே முறை. இரண்டாம் தடவை அதே மேஸில் விட்டால் முந்தைய அனுபவமே நடத்தையை மாற்றிவிடும். நடுவில் நீச்சல் நடந்ததையும் முறைகள் பகுதியில் எழுதிவிடுங்கள், தேர்வாளர் அதைத்தான் முதலில் கேட்பார்.