பால்சா கிட் உடைந்து வந்திருக்கிறது, ஸ்பாரில் விரிசல்: ஒட்டலாமா, மாற்ற வேண்டுமா?

கோவைப்பறவை:

வணக்கம். ஒன்றரை மீட்டர் இறக்கை கொண்ட மாதிரி விமானத்துக்கான பால்சா (மிக லேசான மரம்) ட்ரெய்னர் கிட் ஒன்றை, அதாவது பாகங்களை நாமே ஒட்டிக் கட்டும் பயிற்சி விமானத்தை, ஆன்லைனில் வாங்கினேன். மின் மோட்டாரில் பறப்பது, இறக்கை உடலுக்கு மேலே, முழுக்க ஒரே அகலம். பெட்டியின் ஒரு மூலை நசுங்கி வந்தது. உள்ளே தாங்கலுக்கு ஒரு துண்டு தெர்மாகோல்கூட இல்லை.

இடது இறக்கையின் கீழ் ஸ்பாரில் (இறக்கை நீளத்துக்கு ஓடிச் சுமை தாங்கும் கட்டை), நடு இணைப்பிலிருந்து நான்கு விரல் தள்ளி, குறுக்கே மயிரிழை விரிசல். லேசாக வளைத்தால் வாய் திறக்கிறது. இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குத் துண்டுகளான ரிப்புகளில் மூன்று உடைந்திருக்கின்றன, பாகப் பட்டியலில் உள்ள இன்னொரு ரிப் பெட்டியிலேயே இல்லை. முன்விளிம்புக் கட்டையில் நகம் பதிந்ததுபோல் பள்ளம். உடலின் பக்கப் பலகை ஒன்று வில்லாக வளைந்திருக்கிறது. மோட்டாரைப் பொருத்தும் பலகையான ஃபயர்வாலின் பிளைவுட் ஓரத்தில் அடுக்கு பிரிந்திருக்கிறது.

விற்றவரிடம் போனில் சொன்னால், "மரம்னா அப்படித்தான் சார், பசை போட்டா சரியாயிடும்" என்கிறார். வேண்டுமானால் கொஞ்சம் பணம் திருப்பித் தருகிறாராம். கிட்டைத் திருப்பி அனுப்ப மனமில்லை, ஆசைப்பட்டு வாங்கியது. எதையெல்லாம் ஒட்டலாம்?

மதுரைக்காற்று:

நண்பரே, ஸ்பாரைத் தவிர மற்றதெல்லாம் கையில் அடங்கும் வேலைதான்.

உடைந்த ரிப்புகளைப் பிளான் (கட்டுமான வரைபடம்) மேல் பிளாஸ்டிக் தாள் விரித்துப் பொருத்திப் பாருங்கள். உடைப்பு நேராகச் சேர்ந்தால் தண்ணீர்போல் ஓடும் சிஏ பசை (சூப்பர் க்ளூ வகை) ஒரு சொட்டு போதும், இழைக்குள் தானே இறங்கிவிடும். இல்லாத ரிப்பைப் பற்றியும் கவலை வேண்டாம். உங்கள் இறக்கை ஒரே அகலம் என்பதால், நல்ல ரிப் ஒன்றை அதே கனமுள்ள பால்சாவில் வைத்து வரைந்து வெட்டலாம். மர இழை முன்னிருந்து பின்னாக ஓட வேண்டும், குறுக்கே ஓடினால் கையில் எடுக்கும்போதே முறியும். நடுவில் வரும் ரிப்புகள் மட்டும் சில கிட்களில் சற்றுச் சிறியவை, பிளானில் பார்த்துவிட்டு வெட்டுங்கள்.

பள்ளத்துக்கு ஒரு சொட்டு தண்ணீர் விட்டு ஊறவிடுங்கள். அப்புறம் ஈரத்துணி மேல் இஸ்திரிப்பெட்டி நுனியை மெதுவாக வையுங்கள். நசுங்கிய இழை உப்பி மேலே வந்துவிடும். வளைந்த பலகைக்கு, குழிந்த பக்கத்தில் மட்டும் தண்ணீர் தெளித்து, கண்ணாடி மேல் படுக்கவைத்து, முழுக்கக் காயும்வரை கனமான புத்தகங்களை ஏற்றி வையுங்கள்.

ஸ்பாரை மட்டும் ஒட்டாதீர்கள். பறக்கும்போது மேல் ஸ்பார் அமுக்கப்படுகிறது, கீழ் ஸ்பார் இழுபடுகிறது. விசை அதிகம் சேர்வது இறக்கையின் நடுப்பகுதியில், உங்கள் விரிசல் அதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. 60 டிகிரி சாய்த்து, உயரம் குறையாமல் திருப்பினாலே இறக்கை தாங்க வேண்டிய சுமை இரண்டு மடங்கு. குறுக்கு விரிசலில் பசை பிடிக்கும் பரப்பு மிகக் குறைவு. தரையில் கெட்டியாகத் தெரியும், மேலே போனதும் கைவிட்டுவிடும்.

கோவைப்பறவை:

நன்றி அண்ணா. பக்கத்து மரக்கடையில் நேர் இழை பைன் கட்டை கிடைக்கிறது. இடது கீழ் ஸ்பாரை மட்டும் அதில் செய்துகொள்ளலாமா?

மதுரைக்காற்று:

ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள், இரண்டு பக்கக் கீழ் ஸ்பாரையும் ஒரே கட்டையிலிருந்து அறுத்துப் போடுங்கள். ஒரு இறக்கை விறைப்பாகவும் மற்றது வளைந்துகொடுப்பதாகவும் இருந்தால், வேகம் கூடும்போது விமானம் ஒரு பக்கம் உருளப் பார்க்கும். டிரிம் வைத்தாலும் (சாய்வை ஈடுகட்டக் கட்டுப்பாட்டைச் சற்று நகர்த்தி வைத்தாலும்) ஒரு வேகத்துக்குச் சரியாகும், இன்னொரு வேகத்தில் தவறும். புதிய கட்டையில் முடிச்சு இருக்கக்கூடாது, இழை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை ஓட வேண்டும்.

ஃபயர்வாலையும் புதிதாக வெட்டிவிடுங்கள். சின்னத் துண்டுதான், ஆனால் மோட்டார் முழுவதும் அதில்தான் தொங்குகிறது. பழையதை அச்சாக வைத்துத் துளைகளைக் குறியுங்கள், எபாக்சியில் ஒட்டுங்கள்.

நெல்லைச்சிறகு:

வெட்டுவதற்கு முன்னால் ஒரு விஷயம். இவ்வளவு குறையோடு வந்த கிட்டுக்கு நீங்களே மரம் வாங்குவது நியாயமில்லை. போன் பேச்சை நிறுத்திவிட்டு மெயிலில் எழுதுங்கள். நசுங்கிய மூலை, முகவரிச் சீட்டு, விரிசல், பாகப் பட்டியலில் இல்லாத ரிப்பின் எண் எல்லாவற்றுக்கும் படம் இணையுங்கள். பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், பசையும் இப்போதைக்கு வேண்டாம். ஒட்டிய பிறகு கேட்டால் "நீங்களே உடைத்தீர்கள்" என்பார்கள்.

2020-இன் மின்வணிக விதிகளின்படி, குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க விற்பவர் மறுக்க முடியாது. விற்பனைத் தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அசையவில்லை என்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண்.

முழுக் கிட்டையும் மாற்றச் சொல்லாமல், "இரண்டு கீழ் ஸ்பார், ரிப் தாள் ஒன்று, ஃபயர்வால்" என்று பாகத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். விற்றவருக்கும் அது செலவு குறைவு, பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். கொஞ்சம் பணம் தருகிறேன் என்பதை மட்டும் ஏற்காதீர்கள், அதோடு பேச்சு முடிந்துவிடும்.

கோவைப்பறவை:

படங்களோடு மெயில் போட்டேன். நீங்கள் சொன்ன மூன்றையும் அனுப்புவதாக எழுத்தில் பதில் வந்திருக்கிறது. ஸ்பார் வந்ததும் இரண்டையும் எப்படிச் சரிபார்ப்பது?

மதுரைக்காற்று:

சமையலறைத் தராசில் இரண்டையும் தனித்தனியாக நிறுங்கள். பிறகு ஒவ்வொன்றாக மேசை விளிம்பில் ஒரே நீளம் வெளியே நீட்டி அழுத்திப் பிடித்து, நுனியில் ஒரே எடையைத் தொங்கவிட்டு, எவ்வளவு தாழ்கிறது என்று ஸ்கேலில் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒத்துவந்தால் பசையை எடுக்கலாம். கண்ணுக்கே வித்தியாசம் தெரிந்தால் மறுபடியும் மெயில் போடுங்கள்.