நெய்தல் பெண்ணின் வீரம்: எந்தப் பாட்டு?

கேள்வி: மண்டபம் பக்கம் பள்ளி விழா. மீனவர் வீட்டுப் பிள்ளைகள் சங்கப் பாட்டு ஒன்று சொல்லணும். பெண்ணின் துணிவு என்றாலே போர்க்களத் தாய்தான் வருகிறாள். கடற்கரைக்காரி இல்லையா?

பதில் 1: நற்றிணை 45 எடுங்க அக்கா. தேருள்ள பணக்காரரின் மகனை, பரதவர் (மீனவர்) வீட்டுப் பெண்ணின் தோழி திருப்பி அனுப்புகிறாள். சுறா அறுத்துக் காயப்போட்டு, கருவாட்டுக்கு வரும் பறவையை விரட்டுகிற எங்களுக்கு அழகு எதுக்கு? ‘புலவு நாறுதும் செல நின்றீமோ’: மீன் வாடை வீசும், தள்ளி நில்லு! பாம்பன் பிள்ளைக்கு உரையே வேண்டாம். ‘புலவு’ என்பதைப் ‘புலவி’ என்று படித்தால் ஊடலாகி, பாட்டே கெட்டுவிடும். ‘எம்மனோரில் செம்மலும் உடைத்தே’ என்ற கடைசி அடியைக் கெஞ்சலாகச் சொல்லாதீங்க. எங்க ஆளுகளிலும் பெரிய மனுசன் உண்டு என்கிற நிமிர்வு அது.

பதில் 2: சரி அண்ணே. ஆனா ஒரே மகனைப் போருக்கு அனுப்பும் தாயைப் பாடும், ஒக்கூர் மாசாத்தியாரின் புறநானூறு 279-ஐயும் ஒதுக்க வேண்டாம். ‘கெடுக சிந்தை’ சாபமில்லை, வியப்பு. அங்கே ஒரு மூச்சு நிறுத்தி, பிறகு ‘கடிதிவள் துணிவே’.

கேள்வி கேட்டவர்: 45-தான். ‘நின்றீமோ’வுக்குக் கையை நீட்டச் சொல்றேன்.