எடித் பியாஃப் 78 இசைத்தட்டுகள்: ஈக்வலைசேஷனில் உதவி தேவை

நண்பர்களே, 1940களின் எடித் பியாஃப், சார்ல் த்ரெனே பாடல்கள் உள்ள பிரெஞ்சு 78 தட்டுகளை (நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய இசைத்தட்டுகள்) டிஜிட்டலாக்க வேண்டும். இருக்கும் டர்ன்டேபிளில் 33, 45 வேகங்கள் மட்டுமே.

இப்போதைய முறை: 78 தட்டின் அகலமான பள்ளத்துக்கான 3 மில் ஊசி போட்டு 45இல் ஓடவிட்டு, 96 கிலோஹெர்ட்ஸில் பதிவு. பிறகு ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் வேகத்தை 1.733 மடங்காக்குவது. (டெம்போவை மட்டும் கூட்டினால் சுருதி ஏறாது, கவனம்.) இடம், வலம் இரண்டையும் கூட்டி மோனோ ஆக்கினால் இரைச்சல் ஓரளவு குறைகிறது.

சிக்கல் இதுதான்: பியாஃபின் குரல் கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல் மந்தமாக இருக்கிறது. அந்த 'ர'கர உருட்டலே போய்விட்டால் அப்புறம் என்ன பியாஃப்! காரணம் ப்ரீஆம்ப்பின் (ஊசியின் சிறு சிக்னலைப் பெருக்கும் கருவி) ஆர்ஐஏஏ திருத்தம், அதாவது பிற்கால எல்பி தட்டுகளுக்கான ஈக்வலைசேஷன் (தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளின் அளவைச் சரிசெய்வது). அது மேல் ஸ்தாயியை வெட்டுகிறது. வேகம் ஏற்றியதும் அதன் 500 ஹெர்ட்ஸ் திருப்பப் புள்ளி (இதற்குக் கீழுள்ள ஒலிகளைத்தான் தூக்கும்) 867க்கு நகர்ந்துவிடுகிறது. ஆகவே வேகம் ஏற்றும் முன்பே ஆர்ஐஏஏவைத் தலைகீழாக்கி நீக்கிவிட்டு, பிறகு 78க்கான ஈக்வலைசேஷன் வளைவைப் போட வேண்டும்.

கேள்வி: 1946-47 பிரெஞ்சு கொலம்பியா தட்டுகளுக்குத் திருப்பப் புள்ளி 250ஆ, 300ஆ? மேல் ஸ்தாயியைத் தொடாமல் விடலாமா? செய்து பார்த்தவர்கள் உங்கள் வளைவின் அளவுகளைத் தந்தால் போதும்.

ஸ்பிரிட் போட்டுத் துடைக்கச் சொல்லாதீர்கள். அரக்குத் தட்டு, கரைந்துவிடும்.