தனியுரிமை மாநாட்டு வாசலில் உங்களுக்கு என்ன நடந்தது?

பேட்ஜில்லாதவன்:

தரவுப் பாதுகாப்பு பற்றிய இரண்டு நாள் மாநாடு ஒன்றுக்குப் போய்வந்தேன். யார் நடத்தினார்கள், எங்கே என்பதெல்லாம் வேண்டாம். வாசலில் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

பதிவு மேசைக்குப் பக்கத்தில் ஆளுயரத்துக்கு ஒரு கருவி நின்றது. மேலே கேமரா, நடுவில் திரை, இடுப்பளவில் பேட்ஜ் துப்பும் வாய். “முகத்தைக் காட்டுங்க சார், மூணு செகண்டுதான்” என்றார் பக்கத்தில் நின்ற தம்பி. எனக்கு முன்னால் நின்ற ஏழெட்டுப் பேரும் காட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள். அத்தனை பேரும் தனியுரிமைச் சட்டத்தைச் சொல்லிப் பிழைப்பவர்கள். இணையத்தில் பதிவு செய்தபோது போட்டோ கேட்டார்கள், கட்டாயமில்லை என்றும் எழுதியிருந்தது, அதனால் நான் ஏற்றவில்லை. என் முறை வந்ததும், “முகம் வேண்டாம், வேறு வழி இருக்கிறதா?” என்று கேட்டேன். தம்பி திருதிருவென்று விழித்தார். பாவம், இப்படி ஒரு கேள்வி வரும் என்று அவருக்கு யாரும் சொல்லி வைக்கவில்லை. மேற்பார்வையாளரைத் தேடிப் போனார். அவர் இன்னொருவரைத் தேடிப் போனார்.

இருபத்தைந்து நிமிடம் கழித்து ஓர் அம்மா வந்து, வெள்ளைத்தாளில் என் பெயரைப் பேனாவால் எழுதி, பிளாஸ்டிக் உறையில் செருகிக் கையில் கொடுத்தார். உள்ளே போனபோது முதல் அமர்வு முடியும் தறுவாயில் இருந்தது. தலைப்பு: ‘சுதந்திரமான ஒப்புதல்’. நம்பமாட்டீர்கள் என்று தெரியும், நிகழ்ச்சி நிரலைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருக்கும். எழுதுங்கள். மேடைப் பேச்சு வேண்டாம், அதுதான் வீடியோவாகக் கிடைக்கிறதே.

பழைய தணிக்கையாளர்:

தம்பி, நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. இதே விஷயத்தில் ஒரு மாநாட்டுக்கு அபராதமே விதித்திருக்கிறார்கள். 2021-இல் பார்சிலோனாவில் நடந்த மொபைல் வேர்ல்ட் காங்கிரஸ் என்ற கைபேசித் துறை மாநாட்டில் வருகையாளர்களை முகத்தை வைத்து உள்ளே விடும் ஏற்பாடு இருந்தது. பேச அழைக்கப்பட்ட ஒருவரே புகார் கொடுத்தார். ஸ்பெயினின் தரவுப் பாதுகாப்பு ஆணையம், அதை நடத்தும் ஜிஎஸ்எம்ஏ அமைப்புக்கு 2 லட்சம் யூரோ அபராதம் விதித்தது 2023-இல் வெளியே வந்தது. ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர், 35-ஆம் பிரிவில் ஒரு தாக்க மதிப்பீடு கேட்கிறது. இந்தத் தரவை எடுத்தால் யாருக்கு என்ன ஆபத்து, இதைவிடக் குறைவான வழி உண்டா என்று முன்கூட்டியே உட்கார்ந்து யோசித்து எழுதி வைக்க வேண்டும். அதை முறையாகச் செய்யவில்லை என்பதுதான் குற்றம்.

என் சொந்த அனுபவம் ஒன்று. கூட்டம் நடத்தும் ஒரு நிறுவனம் என்னை ஆலோசனைக்குக் கூப்பிட்டது. முகமறிதல் கருவி விற்பவரும் வந்திருந்தார். “நாங்கள் படத்தை வைத்துக்கொள்வதே இல்லை ஐயா, வெறும் எண்களாக மாற்றிவிடுகிறோம்” என்றார் பெருமையாக.

“நாளைக்கு நான் மறுபடி வந்து நின்றால், அந்த எண்களை வைத்து நான்தான் என்று கண்டுபிடிக்குமா?”

“கண்டுபிடிக்கும். அதற்குத்தானே கருவி.”

“அப்புறம் அது எப்படி வெறும் எண் ஆகும்?”

அவர் சிரித்தார். கூட்டம் நடத்துபவர் சிரிக்கவில்லை. எப்போது அழிப்பீர்கள் என்று கேட்டேன். மாநாடு முடிந்த அன்றே என்றார்கள். ஒப்பந்தத்தை வாங்கிப் பார்த்தேன். காப்புநகல் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. சர்வரில் அழித்துவிட்டு, காப்புநகலில் அப்படியே கிடக்க விடுவது எத்தனையோ இடங்களில் நான் பார்த்த வியாதி.

மேசைக்காரி:

நான் மேசையின் அந்தப் பக்கம் நிற்கிறவள். நாலைந்து வருடமாகக் கூட்டங்களில் பதிவு வேலை. எங்களையும் கொஞ்சம் கேளுங்கள். காலை ஒன்பது மணிக்கு அறுநூறு பேர் ஒரே நேரத்தில் வருவார்கள். எங்களுக்குக் கிடைக்கும் பயிற்சி பத்து நிமிடம், அதில் பாதி காகிதம் சிக்கினால் எப்படி எடுப்பது என்பது. யாராவது மறுத்தால் என்ன செய்வது என்று ஒரு முறைகூடச் சொல்லித் தந்ததில்லை. ஆனால் மேசைக்கடியில் பேனாவும் வெற்று அட்டையும் எப்போதும் இருக்கும். அது என் சொந்த ஏற்பாடு.

ஒரு முறை இரட்டையர் வந்தார்கள், அக்காவும் தங்கையும், இருவருமே வழக்கறிஞர்கள். அக்கா முகத்தைக் காட்டினார், தங்கை பெயரில் பேட்ஜ் வந்தது. சரி, மாற்றி வைத்துக்கொள்ளலாம் என்று தங்கை போய் நின்றால், ‘ஏற்கெனவே உள்ளே சென்றுவிட்டார்’ என்று திரையில் சிவப்பு எழுத்து. பின்னால் நாற்பது பேர் வரிசை. அவர்கள் இருவருக்கும் கோபமே வரவில்லை. “எங்கள் போன்கூட ஒருத்திக்கு ஒருத்தி திறக்கும்” என்றார்கள். அன்றைக்குக் கைகொடுத்தது என் பேனாதான்.

இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். மறுப்பவர்களில் பெரிய பதவிக்காரர்கள் அபூர்வம். பத்திரிகையாளர்கள் மறுப்பார்கள். சில நேரம் கூட்டத்தில் யாராலோ அடையாளம் காணப்பட்டுவிடுவோமோ என்று நிஜமாகவே பயப்படும் ஒருவர் வருவார். அவர் காரணம் சொல்லமாட்டார், கண்ணைப் பார்த்தாலே தெரியும். ‘ஏன்?’ என்று கேட்டால் அவர் திரும்பிப் போய்விடுவார். அதனால் நான் கேட்பதே இல்லை.

வேகமே_முக்கியம்:

எல்லாரும் ரொம்பப் பெரிதுபடுத்துகிறீர்கள். ஒரு நாளைக்கு ஐம்பது தடவை போனுக்கு முகத்தைக் காட்டுகிறோம். வாசலில் ஒரு தடவை காட்டினால் என்ன குடி முழுகிப்போகும்? எனக்கு மூன்று நொடிதான் ஆனது.

பேட்ஜில்லாதவன்:

போனில் இருக்கும் முக அச்சு பெரும்பாலும் போனுக்குள்ளேயே, பூட்டிய ஒரு சில்லுக்குள் கிடக்கும். அது கேட்கும் கேள்வியும் ஒன்றுதான்: இவர் என் முதலாளியா? வாசல் கருவி அத்தனை பேர் முகத்தையும் ஒரே இடத்தில் குவித்து வைத்துக்கொண்டு, இவர் இவர்களில் யார் என்று கேட்கிறது. அந்தக் குவியல் யார் கையில் இருக்கிறது என்பதுதான் என் கவலை. காட்ட விரும்புகிறவர் தாராளமாகக் காட்டட்டும், நான் கேட்டது பக்கத்தில் இன்னொரு வரிசை.

ஒன்றுக்குப்பல:

கருவி செய்யும் பக்கத்திலிருந்து ஒருவன் பேசுகிறேன், அடிக்காதீர்கள். கண்காட்சி ஸ்டாலில் நின்றிருக்கிறேன். மேலே சொன்ன வித்தியாசத்தைத்தான் நாங்கள் ‘ஒன்றுக்கு ஒன்று’, ‘ஒன்றுக்குப் பல’ என்று சொல்வோம். விற்கும்போது இரண்டையும் வசதியாகக் குழப்பிவிடுவதும் உண்டு, ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு கூட்டத்தில் அரசு அதிகாரி ஒருவர் ஸ்டாலுக்கு வந்தார். வயதானவர், கையில் எங்கள் விளம்பரத் தாள். “உங்கள் தவறு ஆயிரத்தில் ஒன்று என்று போட்டிருக்கிறது. நல்லதுதானே?” என்றார். ஆமாம் என்றேன். தாளைத் திருப்பி, சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார்.

“ஒரு மைதானத்துக்கு 50,000 பேர் வருகிறார்கள். தேடப்படுகிறவர் அதில் இரண்டு பேர். உங்கள் கருவி எத்தனை பேரைப் பிடித்துக் கொடுக்கும்?”

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே எழுதினார். 50,000-ஐ 1,000-ஆல் வகுத்தால் 50. “ஆக, தப்பே செய்யாத ஐம்பது பேரை ஓரமாக நிறுத்துவேன். தேடுகிற இரண்டு பேரும் கிடைத்தாலும் மொத்தம் 52 பேர். 52-இல் இரண்டு. என் காவலருக்கு நீங்கள் என்ன சொல்லிக் கொடுப்பீர்கள்?” தாளை மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார். எங்கள் மேலாளர் அதைப் பார்த்துவிட்டு, அடுத்த முறை பின்பக்கத்தை வெற்றாக விடாமல் ஏதாவது அச்சடிக்கச் சொன்னார்.

அந்த ஐம்பது பேர் யாராக இருப்பார்கள் என்பது அடுத்த சிக்கல். அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2019 டிசம்பரில் 189 முகமறிதல் நிரல்களைச் சோதித்து அறிக்கை வெளியிட்டது. ஒன்றுக்கு ஒன்று ஒப்பிடும்போதே, பல நிரல்களில் ஆசிய, ஆப்பிரிக்க அமெரிக்க முகங்களுக்குத் தவறான பொருத்தம் வெள்ளையர் முகங்களைவிட 10 முதல் 100 மடங்குவரை அதிகமாக வந்தது. நல்ல நிரல்களில் அந்த இடைவெளி வெகுவாகக் குறைவு என்பதும் அதே அறிக்கையில் உண்டு. இதைச் சொன்னால் ஒரு தரப்பு முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளும், இன்னொரு தரப்பு இரண்டாம் பாதியை மட்டும். எந்த நிரல் என்று கேட்கிறவர் குறைவு.

ரேகையைத் தேடியவள்:

கைரேகை பற்றிய ஒரு பட்டறை. மேடையில் கட்டுமானத் தொழிலாளர் சங்கத்திலிருந்து ஒரு பெரியவர். மற்றவர்கள் எல்லாரும் ஸ்லைடு போட்டார்கள். இவர் முறை வந்ததும் எழுந்துபோய், காகிதத்தைப் பெரிதாக்கிக் காட்டும் கேமராவுக்குக் கீழே தன் வலது கையை விரித்து வைத்தார். திரை முழுக்கக் கை. கட்டைவிரலும் சுட்டுவிரலும் மழமழவென்று கூழாங்கல் போல. சிமெண்டும் செங்கல்லும் தேய்த்த விரல். “விரல் இருக்குது, ரேகை இல்ல. நான் யாருன்னு இந்த மெஷின்கிட்ட எப்படிச் சொல்றது?” என்றார். அவ்வளவுதான் அவர் பேச்சு. கையை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டார். அடுத்துப் பேச வேண்டியவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

காதில் கேட்பவன்:

நான் உரைபெயர்ப்பாளன். கண்ணாடிக் கூண்டுக்குள் ஹெட்போனோடு உட்கார்ந்திருப்போமே, அந்த ஆள். இது ஏஐ கொள்கை பற்றிய மூடிய அறைக் கூட்டத்தில் நடந்தது.

தலைவர் ஆரம்பத்திலேயே, “சாதம் ஹவுஸ் விதிப்படி நடக்கும்” என்று அறிவித்தார். 1927-இல் லண்டனில் உருவான விதி. வெளியே எதுவும் சொல்லக்கூடாது என்றுதான் பாதிப்பேர் அதைப் புரிந்துகொள்கிறார்கள். கேட்ட விஷயத்தைத் தாராளமாகப் பயன்படுத்தலாம், அதைச் சொன்னவர் யார், எந்த அமைப்பிலிருந்து வந்தவர் என்று மட்டும் வெளியிடக்கூடாது. அந்த நம்பிக்கையில்தான் சிலர் மனம்விட்டுப் பேசினார்கள். ஓர் ஒழுங்குமுறை அதிகாரி, தன் அலுவலகத்தில் ஏஐ நிரல்களைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை என்று சொன்னார். கூண்டுக்குள் இருந்த எனக்கே ஒரு நிமிடம் மூச்சு நின்றது.

கூட்டம் முடிந்து பத்து நிமிடம் இருக்கும். எல்லார் போனும் ஒன்றன்பின் ஒன்றாக டிங் டிங் என்றது. இணையவழியில் சேர்ந்திருந்த யாரோ ஒருவருடைய ஏஐ குறிப்பெடுக்கும் செயலி, அவரோடு தானும் அழைப்பில் சேர்ந்திருக்கிறது. பங்கேற்றோர் பட்டியலில் அது ஒரு பெயராகவே இருந்தது. ‘யாரோ ஒரு உதவியாளர்’ என்று நினைத்துக் கடந்துவிட்டோம். அதுதான் அழகாகச் சுருக்கம் எழுதி, யார் என்ன சொன்னார் என்று பெயரோடு பிரித்து, அழைப்பிதழில் இருந்த அத்தனை பேருக்கும் அனுப்பியிருக்கிறது. அந்த அதிகாரியின் வாக்கியம் முதல் புள்ளியாக, தடித்த எழுத்தில்.

செயலியின் சொந்தக்காரர் மன்னிப்பு கேட்டுக் கேட்டுத் தொண்டை வறண்டுபோனார். அது தானாகச் சேர்ந்துகொள்ளும் என்பது அவருக்கே தெரியாதாம். நம்புகிறேன். அடுத்த கூட்டத்தில் தலைவர் முதல் வேலையாகப் பங்கேற்றோர் பெயர்களை உரக்கப் படித்து, ஒவ்வொருவரையும் கை தூக்கச் சொன்னார். எங்கள் கூண்டையும் சேர்த்து. கை தூக்காத இரண்டு பெயர்களை வெளியே தள்ளினார்.

வேகமே_முக்கியம்:

சரி, இது எனக்கே கொஞ்சம் உறைக்கிறது. என் செயலியைப் போய்ப் பார்த்தேன். ‘எல்லா அழைப்பிலும் தானாகச் சேர்’ என்பதில் டிக் இருந்தது. நான் போட்டதாக நினைவில்லை.

கட்டைவிரல்:

குறுக்கே ஒரு சின்ன விஷயம். 2014 டிசம்பரில் ஹாம்பர்கில் நடந்த ஹேக்கர்கள் மாநாட்டில், அப்போது ஜெர்மனியின் பாதுகாப்பு அமைச்சராக இருந்த உர்சுலா வான் டெர் லேயனின் கட்டைவிரல் ரேகையைச் சாதாரண கேமராப் படங்களிலிருந்தே உருவாக்கிக் காட்டினார்கள். அதைப் படித்ததிலிருந்து குழுப் படத்தில் நான் கட்டைவிரலை உயர்த்துவதில்லை. எல்லாரும் என்னைச் சிடுமூஞ்சி என்கிறார்கள்.

தேநீர் இடைவேளை:

நான் பார்த்தது ஓர் ‘ஆர்வமானி’. அரங்கில் இருப்பவர்கள் முகத்தைப் பார்த்து யார் கவனிக்கிறார், யாருக்குச் சலிப்பு என்று சொல்லும் கேமரா. ஸ்டாலில் பெரிய திரை, ஒவ்வொரு தலைக்கு மேலும் ஒரு சதவீதம். நான் போன நேரம் இடைவேளை. அரங்கில் நாற்காலிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டு ஓர் அம்மா மட்டும்தான் இருந்தார். அவர் தலைக்கு மேல் ‘கவனம் 12%’ என்று மிதந்தது. அவர் பாட்டுக்குக் குனிந்து நிமிர்ந்து வேலை செய்கிறார், எண் ஏறி இறங்குகிறது.

ஐரோப்பாவின் ஏஐ சட்டம் 2024 ஆகஸ்ட் 1-இல் அமலுக்கு வந்தது. அதன் தடைகள் 2025 பிப்ரவரி 2 முதல் செல்லும். பணியிடத்திலும் கல்வி நிலையத்திலும் முகத்தை வைத்து உணர்ச்சியைக் கணிப்பது, மருத்துவம், பாதுகாப்பு தவிர மற்றவற்றுக்குத் தடை. இதை விற்பனையாளரிடம் சொன்னேன். “இது மாநாடு மேடம், பணியிடம் இல்லையே” என்றார் டக்கென்று. யாரோ சொல்லிக் கொடுத்த பதில். திரையைக் காட்டி, “அவங்களுக்கு?” என்றேன். திரும்பிப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து லேப்டாப்பில் ஏதோ அழுத்தினார், எண் மறைந்தது. கேமரா அணைந்ததா, எண் மட்டும் அணைந்ததா என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அதற்குள் மணி அடித்துவிட்டது.

சலிப்பும் கவனமும் ‘உணர்ச்சி’ ஆகுமா என்று வழக்கறிஞர்கள் சண்டை போடுவார்கள் என்பதும் தெரியும். போடட்டும்.

பேட்ஜில்லாதவன்:

எல்லாருக்கும் நன்றி. இடையில் அந்த மாநாட்டுக்காரர்களுக்குக் கடிதம் எழுதினேன். என் பெயர் எழுதிய அட்டையைப் படம் எடுத்துச் சேர்த்திருந்தேன். நேற்று பதில் வந்தது, மரியாதையான பதில். அடுத்த ஆண்டு முகம் காட்ட விரும்பாதவர்களுக்குத் தனி மேசை உண்டாம். அந்த மேசையைப் பயன்படுத்த இரண்டு வாரம் முன்பே இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும், புகைப்படத்துடன் கூடிய அடையாள அட்டையை ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டும்.

மேசைக்காரி:

அந்த மேசை எந்த வாசலில் என்று கேட்டீர்களா? பெரும்பாலும் பொருள் இறக்கும் பின்வாசலில் போடுவார்கள், முன்வாசலில் அதற்கு ஒரு பலகைகூட இருக்காது.

பேட்ஜில்லாதவன்:

இப்போதுதான் கேட்டு எழுதினேன்.